பழுதாராயும் பழக்கம்

விழாக் காலங்களிலே கல்லூரிக்கு யாது செய்யலாம் என்று பழைய மாணவர் கூடி ஆராய்தல் வழமை. மண்டபத்துக்குக் கூரையும், விளையாட்டிடத்துக்கு மதிலும், பரிசளிப்புக்கு நிதியும் பாடசாலைகளுக்கு இவ்வாறே கிடைத்து வந்துள்ளன. அண்மைக் காலத்தில் இவ்வரிசையிலே கணினியும் சேர்ந்துகொண்டது. கணினி வழங்குவோரின் கொடையுள்ளத்தை நாம் குறைகூற வரவில்லை. ஆயினும், வழங்கிய கணினி இரண்டொரு ஆண்டிற் பழுதுற்று, உறை போர்த்தபடி மூலையிற் கிடக்க, அதன்மேல் ஒட்டிய கொடையாளர் பெயர் மட்டும் துலங்கி நிற்கும் காட்சி எந்தப் பாடசாலைக்கும் புதிதன்று. ஆதலின் இம்மலரிலே நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. கணினியைக் கொடுப்பதினும், அதன் பழுதை ஆராய்ந்து காணும் பழக்கத்தை மாணவர்க்குக் கொடுத்தலே மேலான கொடை. அப்பழக்கத்துக்கு ஏற்ற பயிற்சிக்களம், வீட்டிலுள்ள பழைய கணினியில் லினக்ஸை நிறுவி இயக்கும் முயற்சியேயாம்.

இதனை இப்பொழுது கூறுவதற்குக் காரணம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸ் 10க்கு வழக்கமாக வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்தியது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு ஓராண்டுத் தவணை மட்டும் அளித்தது. அடுத்து வந்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும் என்கிறது. இன்டெல் நிறுவனத்தின் எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட செயலிகளுட் பெரும்பாலானவற்றை அது ஏற்பதுமில்லை. வத்தேகம நகரிலும், அதற்கப்பால் பன்வில, மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்களிலும், கொழும்பிலுள்ள உறவினர் பாவித்துக் கொடுத்த கணினியையோ, கண்டியிற் பழையதாக வாங்கிய மடிக்கணினியையோ வைத்துப் படிக்கும் பிள்ளைகள் பலர். 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் புதியது வாங்குதல் அக்குடும்பங்களுக்கு எளிதன்று. அவர்கள் முன் உள்ள வழிகள் மூன்று: காவலற்ற பழைய முறைமையிலேயே காலந்தள்ளுதல், கள்ளப் பிரதியை நாடுதல், லினக்ஸுக்கு மாறுதல். மூன்றாவதே நேரிய வழி என்பது எமது துணிபு.

லினக்ஸ் யாதென அறியாத அன்பர்களுக்குச் சில சொற்கள். 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆம் திகதி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர், தாம் பொழுதுபோக்காக ஒரு பணிசெயல் முறைமையை எழுதிவருவதாக ஏனையோருக்கு அறிவித்து அவர்தம் கருத்தைக் கேட்டார். 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அமெரிக்காவில் அறிவித்த குனூ என்னும் முயற்சியின் கருவிகள் அதனோடு கூடின. எவரும் பெறலாம், படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமத்தோடு அது வளர்ந்து, இன்று உலகின் பெருங்கணினிகளையும் நம் கையிலுள்ள அண்ட்ரொயிட் தொலைபேசிகளையும் இயக்குகின்றது.

நம் நாட்டவரும் இத்துறையில் வெறும் பாவனையாளராய் இருந்துவிடவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தபின், காணாமற் போனோரையும் நிவாரண முகாம்களையும் பதிவுசெய்வதற்கு இலங்கைத் தொண்டர்கள் எழுதிய 'சஹானா' என்னும் கட்டற்ற மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் இடர்க்காலங்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகநலன் விருதை அதற்கு அளித்தது. கண்டி மாநகர்க்கு அண்மையில் நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கி, ஃபெடோரா என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, 'ஹந்தான லினக்ஸ்' என்ற தொகுப்பும் நம் நாட்டிலே உருவாயிற்று. இவற்றை நாம் கூறுவது பெருமை பேசுதற்கன்று. இம்முறைமையின் உள்ளே கைவைத்துப் பார்க்கும் உரிமை நம் பிள்ளைகளுக்கும் உண்டு என்பதைக் காட்டுதற்கேயாம்.

இனி, லினக்ஸை நிறுவும்போது இடர் யாதும் வாராது என்று சொல்லுதல் நேர்மையன்று. இடர் வரும். திரை கறுத்து நிற்கும், வைஃபை காணாமற் போகும், ஒலி வாராது, தமிழ் எழுத்துக்குப் பதில் கட்டங்கள் தோன்றும். அப்பொழுது நம்மவர் செய்வது யாது? கணினியைப் பையிலிட்டுப் பேருந்தேறி, கடைக்காரரிடம் ஒப்படைக்கின்றனர். கடைக்காரரும், நோய் இன்னதென்று ஆராய்வதற்கு நேரமின்மையால், 'போமட்' பண்ணிவிடுகின்றார். வன்தட்டில் இருந்தவை யாவும் துடைக்கப்படுகின்றன. கணினி ஓடுகின்றது, ஆனால் பிள்ளை எழுதிய செயற்றிட்டமும், குடும்பத்தின் நிழற்படங்களும் போயின. பழுது ஏன் வந்ததென்று கொடுத்தவருக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரியாது. அடுத்த மாதம் அதே பழுது மீண்டும் வரின், மீண்டும் அதே மருந்து.

நோய் யாது, அதன் முதற் காரணம் யாது, அதனைத் தணிக்கும் வழி யாது என்று படிப்படியாக ஆராய்ந்த பின்னரே மருத்துவன் கைவைத்தல் வேண்டும் என்பதை வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே நிறுவியிருக்கின்றார். தலைவலி என்று வந்தவனுக்குத் தலையையே மாற்றுவது வைத்தியமாகாது. கணினி விடயத்தில் மட்டும் அதனை வைத்தியமென நாம் ஏற்றுக்கொண்டது எங்ஙனம்?

ஓர் உதாரணத்தை விரிவாக நோக்குவோம். மலைநாட்டிலே இடியும் மின்னலும் மின்தடையும் நமக்குப் பழக்கமானவை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததையும் நாம் மறக்கவில்லை. மேசைக்கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது மின் அற்றுப்போகின்றது. மறுநாட் காலை விசையை அழுத்தினால், கறுத்த திரையிற் சில ஆங்கில வரிகள் வந்து நின்றுவிடுகின்றன. கணினி செத்துவிட்டதென்று பிள்ளை நடுங்குகின்றான். உண்மையில் அவ்வரிகள் கூறுவது யாது? கோப்புக்களின் ஒழுங்கு குலைந்திருக்கின்றது; ஆங்கிலத்தின் எஃப், எஸ், சி, கே என்னும் நான்கு எழுத்துக்களாலான கட்டளையை நீரே இயக்கும் என்று, வன்தட்டின் எப்பகுதி குலைந்ததென்பதையும் பெயரிட்டுச் சொல்லுகின்றன. அக்கட்டளையை அப்பகுதியின் பெயரோடு தட்டி, கேட்கும் வினாக்களுக்கு ஆம் என விடையிறுத்து, மீளத் தொடக்கினால், பெரும்பாலும் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும். மின் தடைப்படாதிருந்தும் இக்குறை அடிக்கடி வருமாயின், வன்தட்டே தேய்ந்து வருகின்றது என்று ஐயுறல் வேண்டும். அப்பொழுது திருத்தத் தொடங்குமுன் கோப்புக்களை வேறோர் இடத்திற் பிரதிசெய்வதே முதற்கடமை.

நோய் தன் பெயரையும் மருந்தையும் தானே எழுதிக்காட்டிய இடத்திலும், அதனை வாசிப்பார் இன்மையால் எல்லாம் துடைக்கப்பட்டன என்பதை அன்பர்கள் சிந்தித்தல் வேண்டும். குறை கணினியறிவிலன்று, திரையில் வந்த வாக்கியத்தை அஞ்சாது வாசிக்கும் பழக்கத்திலேதான். ஆங்கிலம் முழுதும் விளங்காவிடினும், அவ்வரியைத் தாளில் எழுதிக்கொண்டு, அகராதியோடும் ஆசிரியரோடும் இருந்து பொருள்காணலாமன்றோ?

நிறுவுதற்கு முன்னரும் இவ்வாராய்ச்சி வேண்டும். முதலாவது, கோப்புக்களை வேறிடத்திற் பிரதிசெய்தல். இதற்கு விலக்கே இல்லை. இரண்டாவது, இறக்கிய தொகுப்பு பழுதின்றி வந்ததா என அதனோடு வரும் சரிபார்ப்பு எண்ணை ஒத்துப்பார்த்தல். தொலைபேசி இணைப்பில் அறுந்தறுந்து இறங்கிய கோப்பிலிருந்து நிறுவ முயன்று பாதியில் நின்றால், பழி லினக்ஸின்மேல் விழுகின்றது. மூன்றாவது, பென்ட்ரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வன்தட்டைத் தொடாமல், வைஃபை, ஒலி, புகைப்படக்கருவி, அச்சுப்பொறி யாவும் இயங்குகின்றனவா என்று பார்த்தல். இவ்வசதியைப் பெரும்பாலான லினக்ஸ் தொகுப்புக்கள் தருகின்றன. இதனைப் பயன்படுத்தாமல் நேரே நிறுவுதல் ஆழம் பாராது ஆற்றில் இறங்குதல் போலாம்.

விண்டோஸையும் உடன் வைத்திருக்க விரும்புவோர் மேலும் மூன்றைக் கவனித்தல் வேண்டும். அதன் 'விரைவுத் தொடக்கம்' என்னும் அமைப்பை நிறுத்தாவிடின், அணைத்த பின்னும் விண்டோஸ் அரைத்துயிலில் இருக்கும். லினக்ஸிலிருந்து அப்பகுதியிற் கோப்பை எழுத இயலாது. வன்தட்டு பிட்லொக்கர் பூட்டு இடப்பட்டதாயின், அதன் மீட்புத் திறவெண்ணை முன்னரே எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். நிறுவும் மென்பொருளுக்கு வன்தட்டே தென்படாவிடின், கணினியின் அடிப்படை அமைப்பில் இன்டெல் ஆர்.எஸ்.டி. என்னும் முறை இயங்குகின்றதா என்று நோக்கல் வேண்டும். அதனை ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றினால் வன்தட்டுத் தென்படும். ஆனால் விண்டோஸை முன்கூட்டியே அதற்கு ஆயத்தஞ் செய்யாது மாற்றினால், அது தொடங்க மறுக்கும்.

நிறுவிய பின் திரை கறுத்து நிற்பதாயின், திரைச்சில்லையே முதலில் ஐயுறல் வேண்டும். என்விடியாச் சில்லுள்ள கணினிகளில் இது மிகுதி. தொடக்கத்திலே தோன்றும் கிரப் பட்டியலில் ஆங்கில 'ஈ' எழுத்தை அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் இறுதியில் 'நோமோட்செட்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்திற் சேர்த்துத் தொடக்கினால், திரை பெரும்பாலும் எளிய வடிவில் வரும். இது நோயறியும் சோதனையே, மருந்தன்று. திரை வந்ததாயின், குற்றம் திரைச்சில்லின் செலுத்தி மென்பொருளில் என்பது தெளிவு. தக்க செலுத்தியை நிறுவுவதே மருந்து. செலுத்தியை நிறுவியும் பயனின்றேல், 'செக்கியூர் பூட்' என்னும் காவல் அதனைத் தடுத்திருக்கலாம். மீளத் தொடக்குகையில் ஒருமுறை தோன்றும் நீலத்திரையிற் கடவுச்சொல்லை இட்டு அனுமதி வழங்காது கடந்து சென்றவர்களுக்கே இது நேரும்.

வைஃபை வாராமைக்கும் காரணம் ஒன்றன்று. சில்லுக்குரிய செலுத்தி இல்லாதிருக்கலாம். செலுத்தி இருந்தும், பிரோட்கொம் முதலிய சில நிறுவனங்களின் சில்லுகளுக்கு வேண்டிய உள்மென்பொருள், உரிமத் தடையினால் தொகுப்பிற் சேராதிருக்கலாம். அன்றி, மடிக்கணினியின் விசையொன்று வைஃபையை அணைத்தே வைத்திருக்கலாம். கணினியிலுள்ள சில்லுகளைப் பட்டியலிடும் கட்டளையும், வானலைத் தடையைக் காட்டும் கட்டளையும் இம்மூன்றில் எது என்பதை ஒரு நிமிடத்திற் காட்டிவிடும். இணையமின்றி வேண்டிய மென்பொருளைப் பெறுவது எப்படி என்று திகைப்போர், தொலைபேசியை யூ.எஸ்.பி. வடத்தாற் பிணைத்து அதன் இணைப்பைக் கணினிக்கு வழங்கலாம்.

பழுது தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும் விந்தைக்கு மணிக்கூட்டினுஞ் சிறந்த உதாரணம் இல்லை. இரு முறைமைகளும் ஒரே கணினியில் இருக்கும்போது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் நேரம் பிழைக்கின்றது. எவ்வளவு பிழைக்கின்றது என்று பாருங்கள். சரியாக ஐந்தரை மணி நேரமாயின், காரணம் வேறில்லை: கணினியின் உட்கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொதுநேரமெனக் கொள்ளுகின்றது, விண்டோஸ் உள்ளூர் நேரமெனக் கொள்ளுகின்றது, இலங்கை நேரமோ பொதுநேரத்துக்கு ஐந்தரை மணி முந்தியது. இரண்டையும் ஒரே வழக்குக்குக் கொணர்ந்தால் தீர்ந்தது. அவ்வாறன்றி, விசையை அழுத்தும்தோறும் கடிகாரம் பல்லாண்டு பின்சென்று நிற்குமாயின், தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற சிறு மின்கலம் தீர்ந்துவிட்டது. அதனை மாற்றினாற் போதும். திகதி பிழைத்த கணினியில் இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று கூறித் திறக்க மறுக்கும். நம் நாட்டிலே 1996இல் நேரம் இருமுறை மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் 15ஆம் திகதி மீண்டும் ஐந்தரை மணிக்கு வந்ததை மூத்தோர் நினைவுகூர்வர். அம்மாற்றங்கள் அனைத்தும் லினக்ஸ் பயன்படுத்தும் நேரவலயப் பதிவிலே கொழும்பின் பெயரிற் பொறிக்கப்பட்டுள்ளன.

தமிழுக்கு வருவோம். இங்கும் மூன்று அறிகுறிகள், மூன்று காரணங்கள். எழுத்துக்குப் பதில் வெறுங்கட்டங்கள் தோன்றின், தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. நோட்டோ அல்லது லோகித் என்னும் இலவச எழுத்துருவை நிறுவுக. கட்டமின்றி ஆங்கில எழுத்துக்களும் குறிகளுமாய்க் குழம்பித் தோன்றின், அக்கோப்பு நம் நாட்டிற் பெரிதும் வழங்கிய பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டப்பட்டது. அதனை ஒருங்குறிக்கு மாற்றினாலன்றி எக்காலத்துக்கும் பயன்படாது. எழுத்துத் தெரிந்தும் தட்ட இயலாவிடின், உள்ளீட்டு முறையே குறை. ஐபஸ் என்னும் கருவியோடு அதற்குரிய தமிழ்த் தொகுப்பைச் சேர்த்தால், தமிழ்99, ஒலிப்பு முறை, நம்மூர்த் தட்டச்சாளர் பழகிய ரெங்கநாதன் முறை ஆகியன கிடைக்கும். கல்லூரியின் பழைய அறிக்கைகளையும் மலர்களையும் பாமினிக் கோப்புக்களாக வைத்திருப்போர் இதனைச் சிறப்பாகக் கவனித்தல் நன்று.

இவ்வுதாரணங்கள் யாவினும் ஊடுருவி நிற்பது ஒரே முறை. அறிகுறியைத் தெளிவாக நோக்குதல். இறுதியாக யாது மாற்றினோம் என நினைவுகூர்தல். காரணமாகக் கூடியவற்றை வரிசைப்படுத்தல். ஒரு வேளையில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்த்தல். பயனின்றேல் அதனைப் பழையபடி வைத்தபின் அடுத்ததற்குச் செல்லுதல். செய்ததை எழுதி வைத்தல். ஒரே மூச்சில் ஐந்தை மாற்றியவனுக்குக் கணினி திருந்தினாலும் எதனாலே திருந்தியதென்று தெரியாது. இரசாயன ஆய்வுகூடத்திலே நம் ஆசிரியர்கள் போதிக்கும் முறையும் இதுவேயன்றோ? ஆய்வுகூடம் வாரத்தில் ஒருமுறை திறக்கும். பழைய கணினியோ நாள்தோறும் வீட்டிலே காத்திருக்கின்றது.

இதற்கு எழும் மறுப்புக்களையும் நாம் அறிவோம். அலுவலகங்கள் விண்டோஸையே கேட்கின்றன, லினக்ஸ் பயின்று யாது பயன் என்பர் சிலர். சில மென்பொருள்கள் லினக்ஸில் ஓடா என்பது உண்மை. கணக்கியலுக்கோ வரைபடத்துக்கோ அவை இன்றியமையாதார் விண்டோஸை வைத்துக்கொள்ளட்டும், அன்றி இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் உயர்தர வகுப்பிற் கற்கும் பைதன் மொழியும், கடிதமும் கணக்குத்தாளும் எழுதும் கருவிகளும் லினக்ஸில் விலையின்றிக் கிடைக்கின்றன. இணைய வழங்கிகளிற் பெரும்பங்கு லினக்ஸில் ஓடுகின்றமையின், அத்தொழிலை நாடுவோர்க்கு அது கைம்முதலுமாம். அயலிலுள்ள கேரள மாநிலம் 2001இற் தொடங்கிய 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டத்தின் வழியே அரசுப் பாடசாலைகளில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பியது. அங்கே ஆசிரியர்களுக்கே முதலிற் பயிற்சி அளித்தனர் என்பதை நாம் கவனித்தல் வேண்டும்.

மாணவர் கைவைத்தால் உள்ளதும் கெடும் என்பர் வேறு சிலர். கெடும், ஆதலினாலேதான், கெட்டாலும் இழப்பில்லாத பழைய கணினி வேண்டுமென்கின்றோம். கடைக்காரர் பிழைப்பைக் கெடுப்பதாகும் என்பாருக்கு நாம் கூறுவது, தாய்ப்பலகையைப் பற்றவைத்தலும் உடைந்த திரையை மாற்றுதலும் அவர்தம் கைத்திறனுக்கே உரியவை. அவற்றை அவரிடமே கொண்டு செல்வோம். ஆனால், அங்கு செல்லும்போதும், பழுது இன்னது, யாம் பார்த்தவை இவை, எமது கோப்புக்களை அழிக்க வேண்டா என்று எழுதிய தாளோடு செல்வோம்.

ஆகவே, பழைய மாணவர் சங்கத்தார் முன் எமது வேண்டுகோள் சிறியது. சனிக்கிழமை முற்பகலில் கல்லூரியின் ஓர் அறையிலே ஒரு மேசை போடப்படுக. அதன்மேல் பாவித்துக் கழித்த கணினி இரண்டு. சரிபார்த்த தொகுப்புக்கள் அடங்கிய பென்ட்ரைவ் சில. கோப்புக்களைப் பிரதிசெய்வதற்கு ஒரு வெளிவன்தட்டு. எல்லாவற்றினும் மேலாக ஒரு பெரிய கொப்பி. பழுதோடு வரும் ஒவ்வொருவர் கணினியின் வகையும், அறிகுறியும், திரையில் வந்த வரியும், செய்த சோதனைகளும், கண்ட தீர்வும் அக்கொப்பியிலே தமிழில் எழுதப்படுக. தீராத பழுதுகளும் எழுதப்படுக. அடுத்த வாரம் வேறொருவர் அதனைத் தீர்ப்பார். இத்துறையிலே தொழில்புரியும் பழைய மாணவர் மாதம் ஒருமுறை வந்து அம்மேசையருகே அமர்வாராயின், அது பல இலட்சம் ரூபா நன்கொடைக்கு நிகராகும். அவர் தாமே திருத்திக் கொடுத்தல் வேண்டா. விசைப்பலகையைப் பிள்ளையின் கையில் விட்டு, அடுத்து எதைப் பார்ப்பாய் என்று கேட்டாற் போதும்.

ஐந்தாண்டில் அக்கொப்பி நிறையும். வத்தேகமவிலும் அயற்றோட்டங்களிலும் உள்ள கணினிகளுக்கு நேரும் பழுதுகளையும் அவற்றின் தீர்வுகளையும் தமிழிற் கூறும் கைந்நூல் ஒன்று அதிலிருந்து பிறக்கும். அடுத்த விழா மலருக்கு அதனின் நல்ல இணைப்பு வேறுண்டோ? மதிலும் கூரையும் எழுப்பிய சங்கத்தார் இம்மேசையையும் இவ்வாண்டிலேயே இடுவராக என வேண்டுகின்றோம்.